டியூட்டி முடிந்த பிறகும் கடமை தொடருமா?

நடைபாதையில் ஒருவர் சுருண்டு விழுகிறார். பக்கத்தில் நின்ற ஆம்புலன்ஸ் ஊழியர் ஒருவர் உதவாமல் போய்விடுகிறார். இப்படி ஒரு செய்தி வந்தால் போதும், வாதம் இரண்டாகப் பிரிந்துவிடும். "பயிற்சி எடுத்தவர் எப்படிக் கண்டும் காணாமல் போகலாம்?" என்று ஒரு தரப்பு கொதிக்கும். "அவர் டியூட்டியில் இல்லையே, அவரும் மனிதர்தானே?" என்று இன்னொரு தரப்பு கேட்கும்.

இதற்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் சிக்கிக் கிடக்கின்றன. அவரைச் சட்டப்படி தண்டிக்கவோ, அவரிடம் இழப்பீடு கேட்கவோ முடியுமா? அவர் தொழில் உரிமத்தின் மீது நடவடிக்கை எடுக்க முடியுமா? ஒரு மனிதராக அவர் செய்தது சரியா? மூன்றுக்கும் விடை ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பல நாடுகளில் முதல் கேள்விக்கு "முடியாது", மூன்றாவதுக்கு "சரியில்லை" என்றே பதில் வரும். ஒன்றின் பதிலைத் தூக்கி இன்னொன்றில் வைப்பதால்தான் சண்டை தீராமல் நீள்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணி நேரத்துக்கு வெளியேயும் அவர்களுக்கு ஒரு கடமை உண்டு. ஆனால் அது சிறியது, வரம்புள்ளது. ஆபத்து அவருக்குத் தெரிகிறது, என்ன செய்வதென்று தெரிகிறது, ஆள் அருகில் இருக்கிறார் என்பதே அதற்கு அடிப்படை. அதைத் தண்டனைச் சட்டமாக்கி இந்தத் தொழிலாளர்கள் மீது மட்டும் சுமத்துவது பயன் தராது. ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

"டியூட்டியில் இல்லை" என்றால் என்ன?

அவசரப் பணியாளர் என்று இங்கே சொல்வது ஆம்புலன்ஸ் ஊழியர், பாராமெடிக் (சம்பவ இடத்திலேயே அவசர சிகிச்சை தரப் பயிற்சி பெற்றவர்), தீயணைப்பு வீரர், போலீஸ்காரர், அவசர சிகிச்சைப் பிரிவின் டாக்டர், நர்ஸ் ஆகியோரை. இவர்கள் "டியூட்டியில் இல்லை" என்று சொல்லும்போது அது ஒரே நிலை அல்ல.

1. ஷிஃப்ட் முடிந்து, சீருடையைக் கழற்றிவிட்டுச் சொந்த வேலையாகப் போகிறவர்.
2. ஷிஃப்டுக்கு நடுவே சாப்பிட உட்கார்ந்திருப்பவர்.
3. வீட்டில் இருந்தாலும் அழைத்தால் உடனே வர வேண்டிய நிலையில் இருப்பவர்.
4. ஷிஃப்ட் முடிந்தும் சீருடையோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பவர்.

இரண்டாமவரும் மூன்றாமவரும் உண்மையில் பணியில் இருப்பவர்கள். சாப்பாட்டு இடைவேளை என்பது அடுத்த அழைப்பை இன்னொரு வண்டிக்குக் கொடுப்பதற்கான ஏற்பாடு. கண்ணெதிரே ஒருவர் விழும்போது "இது என் இடைவேளை" என்று சொல்ல அது இடம் தருவதில்லை. செய்திகளில் பெரிதாக வெடிக்கும் சம்பவங்களைக் கவனித்தால் இந்த வகைதான் அதிகம் கோபமூட்டுகிறது. அந்தக் கோபம் நியாயமானதும்கூட.

நான்காமவர் நிலை சிக்கலானது. சீருடையைப் பார்த்தவுடன் மற்றவர்கள் ஒதுங்கி வழிவிடுகிறார்கள், "வந்துவிட்டார்கள்" என்று ஃபோனைக் கீழே வைக்கிறார்கள். அவர் ஒன்றும் செய்யாமல் நகர்ந்தால், உதவியிருக்கக்கூடிய பிறரையும் சேர்த்தே நிறுத்தியவராகிறார். அதனால் சீருடையில் இருக்கும் வரை பொறுப்பு ஒரு படி கூடுதல் என்பது என் கருத்து.

இந்தக் கட்டுரை முக்கியமாகப் பேசப்போவது முதலாமவரைப் பற்றி.

சட்டம்: இரண்டு பாதைகள்

நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியே வளர்ந்த இங்கிலாந்தின் வழக்காற்றுச் சட்டத்திலிருந்து கிளைத்த நாடுகளில் அடிப்படை விதி கடுமையானது: முன்பின் தெரியாத ஒருவரைக் காப்பாற்றும் சட்டக் கடமை யாருக்கும் இல்லை. ஆழமில்லாத நீரில் ஒரு குழந்தை தத்தளிப்பதைப் பார்த்தபடி ஒருவர் நடந்து போனாலும் அவர் மீது வழக்கு நிற்காது. தீங்கு செய்யாதே என்று சட்டம் சொல்லும்; நல்லது செய் என்று கட்டளையிடத் தயங்கும். எந்த அளவு உதவி, யார் செய்ய வேண்டும், சுற்றி நின்ற நாற்பது பேரில் யாரைப் பிடிப்பது என்று வரையறுக்க முடியாது என்பது அந்தத் தயக்கத்துக்குச் சொல்லப்படும் காரணம்.

இந்த விதிக்கு விலக்குகள் உண்டு. ஆபத்தை உண்டாக்கியவர், பெற்றோர், கப்பல் தலைவர் போன்ற தனி உறவில் இருப்பவர், உதவியைத் தொடங்கிவிட்டவர் ஆகியோருக்குக் கடமை பிறக்கிறது. கடைசி வகையைக் கவனியுங்கள். தொடாமல் போனவருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. தொட்டவர் பாதியில் விட்டுப் போனால் பொறுப்பு உண்டு. நல்லெண்ணம் உள்ளவரைத் தயங்க வைக்கும் ஏற்பாடு இது. பின்னால் வரும் பாதுகாப்புச் சட்டங்கள் எல்லாம் இந்த ஓட்டையை அடைக்க வந்தவைதான்.

பணியில் இருக்கும்போதே கடமை எவ்வளவு குறுகலானது என்பது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். 1997இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம், அழைப்பு வந்தது என்பதாலேயே தீயணைப்புத் துறைக்கு அழைத்தவர் மீது சட்டக் கடமை உண்டாகிவிடாது என்றது. அதே தீர்ப்பில் ஒரு துறை பொறுப்பேற்க வேண்டி வந்தது; காரணம், எரிந்துகொண்டிருந்த கட்டடத்தில் நீர் தெளிப்பான்களை அணைக்கும்படி அதன் அதிகாரி உத்தரவிட்டு நிலைமையை மோசமாக்கியதுதான். 2000ஆம் ஆண்டு அதே நீதிமன்றம் ஆம்புலன்ஸ் விஷயத்தில் வேறு முடிவுக்கு வந்தது. ஆஸ்துமாவால் மூச்சுத் திணறிய பெண்ணுக்காக அவருடைய டாக்டர் அழைத்தார், வண்டி வருகிறது என்று சொல்லப்பட்டது, நியாயமான காரணம் இல்லாமல் வெகுநேரம் தாமதமானது. அழைப்பை ஏற்ற பிறகு கடமை உண்டு என்றது நீதிமன்றம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005இல், ஒருவர் தன்னை நெருங்கக் கூடாது என்று நீதிமன்றத்தில் பெற்ற தடை உத்தரவை நடைமுறைப்படுத்தும்படி போலீஸாரிடம் கேட்க ஒரு தனிநபருக்கு அரசியலமைப்பு உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. டியூட்டியில் இருப்பவருக்கே நிலை இது என்றால், டியூட்டி முடிந்தவரை இந்தச் சட்டங்களின் கீழ் பிடிப்பது எவ்வளவு கடினம் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

ஐரோப்பாவின் பெரும்பகுதி வேறு பாதையில் போகிறது. ஜெர்மனியின் குற்றவியல் சட்டம் 323சி பிரிவின்படி, விபத்திலோ பொது ஆபத்திலோ தேவையான உதவியைச் செய்யாதவருக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ விதிக்கலாம். அதற்கு நிபந்தனைகள் உண்டு: உதவி அவரிடம் நியாயமாக எதிர்பார்க்கத்தக்கதாக இருக்க வேண்டும், அதனால் அவருக்குக் கணிசமான ஆபத்து வரக்கூடாது, வேறு முக்கியமான கடமையை மீறும்படியும் ஆகிவிடக் கூடாது. பிரான்ஸில் 223-6 பிரிவு ஐந்தாண்டு வரை சிறையும் 75,000 யூரோ வரை அபராதமும் சொல்கிறது. ஆனால் அங்கே உதவி என்பதில் நேரில் இறங்கிச் செய்வதோடு, உதவிக்கு ஆள் அழைப்பதும் அடங்கும்.

1997இல் இளவரசி டயானா இறந்த பாரிஸ் சுரங்கப்பாதை விபத்தில் இந்தச் சட்டத்தின் இரு முகமும் தெரிந்தது. துரத்தி வந்த புகைப்படக்காரர்கள் மீது, ஆபத்தில் இருந்தவர்களுக்கு உதவவில்லை என்ற கோணத்திலும் விசாரணை நடந்தது. 1999இல் அது கைவிடப்பட்டது. அதே சுரங்கப்பாதை வழியாகச் சொந்தக் காரில் வந்த ஒரு அவசர மருத்துவர், டியூட்டியில் இல்லாதபோதும் வண்டியை நிறுத்தினார். உள்ளே எட்டிப் பார்த்தார், அவசர எண்ணுக்கு அழைத்து நிலைமையைச் சொன்னார், காரில் இருந்த சுவாசப் பையை எடுத்து வந்து மூச்சுக்கு உதவினார். காயமடைந்தவர் யார் என்று அவருக்கு அப்போது தெரியாது. மீட்புக் குழு வந்ததும் ஒப்படைத்துவிட்டுப் போனார். டியூட்டி முடிந்தவரின் கடமை எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், இதைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

இந்தச் சட்டங்கள் எல்லோரையும் கட்டுப்படுத்துபவை. தொழில் தனியாக ஒரு கடமையை உண்டாக்குவதில்லை. ஆனால் "நியாயமாக எதிர்பார்க்கத்தக்க உதவி" என்ற அளவுகோல் ஆளுக்கு ஆள் நீளும். சாதாரண ஆள் ஃபோன் செய்தால் போதும் என்கிற இடத்தில், ரத்தத்தை நிறுத்தத் தெரிந்தவர் நிறுத்தவும் வேண்டும்.

நடுவில் நிற்பவையும் உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 1960களின் இறுதியில் பொதுவான உதவிக் கடமையைச் சட்டமாக்கியது. மீறினால் அதிகபட்ச அபராதம் 100 டாலர். இந்தியாவின் 1861 போலீஸ் சட்டம் 22ஆம் பிரிவு வேறு வழியாகப் போகிறது: போலீஸ் அதிகாரி எப்போதும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார் என்கிறது. ஆக, போலீஸ்காரருக்கும் பாராமெடிக்குக்கும் ஒரே விதி இல்லை. முன்னவரிடம் அரசு அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது, அது சீருடையோடு கழன்றுவிடுவதில்லை. பின்னவரிடம் இருப்பது திறமை மட்டும்.

தொழில்நெறி: உரிமம் கேட்கும் கணக்கு

சட்டம் தயங்கும் இடத்தில் தொழில் அமைப்புகள் கொஞ்சம் துணிந்து பேசுகின்றன. பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில், அவசர நிலையில் டாக்டர் உதவ முன்வர வேண்டும் என்கிறது. கூடவே தன் பாதுகாப்பு, தன் திறமை, வேறு உதவி கிடைக்குமா ஆகியவற்றைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அந்நாட்டு நர்ஸ்களின் நெறிமுறை பணியிடத்தில் மட்டுமல்ல, வேறு எங்கே அவசரம் நேர்ந்தாலும் உதவ முன்வரச் சொல்கிறது. இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002 நெறிமுறை, யாருக்குச் சிகிச்சை தருவது என்பதை டாக்டரே தேர்ந்தெடுக்கலாம், ஆனால் அவசரத்தில் உதவி கேட்டால் செவிசாய்க்க வேண்டும் என்கிறது.

எழுதி வைத்திருக்கிறார்கள், சரி. நடைமுறையில் எப்படி? ஆஸ்திரேலியாவின் இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லைக்கோடு எங்கே போகிறது என்று புரியும்.

முதலாவது 1996இல் நியூ சவுத் வேல்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் முடிந்தது. ஒரு சிறுவனுக்கு வலிப்பு நிற்காமல் வந்துகொண்டிருந்தது. அவன் அக்கா பக்கத்து டாக்டரின் கிளினிக்குக்கு ஓடினாள். டாக்டர் வர மறுத்தார் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அவர் மீது பொறுப்பு விழுந்தது. அவர் அந்தச் சிறுவனை முன்பின் பார்த்ததில்லை. ஆனால் கிளினிக்கில் இருந்தார், மருந்து கையில் இருந்தது, நடந்து போகும் தூரம், நேரடியாகக் கேட்டார்கள், வேறு அவசர வேலை இல்லை.

இரண்டாவது, மேற்கு ஆஸ்திரேலியாவில் 2002ஆம் ஆண்டின் ஓர் இரவு. டாக்டர் ஒருவர் ஓட்டிய காரின் மீது இன்னொரு வண்டி மோத வந்து, மயிரிழையில் விலகிச் சாலையோரத்தில் கவிழ்ந்தது. அவர் இறங்கிப் பார்க்கவில்லை. நேரே காவல் நிலையத்துக்கு ஓட்டிச் சென்று தகவல் சொன்னார். இது தொழில்நெறி மீறல் என்று 2013இல் தீர்ப்பாயம் சொன்னது. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இருட்டு, கையில் டார்ச் இல்லை, முதலுதவிப் பெட்டி இல்லை, ஃபோன் இல்லை, அவரே அதிர்ச்சியில் இருந்தார். அப்படிப்பட்ட நிலையில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்ற கடமையை டாக்டர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்குச் சான்று இல்லை என்றது நீதிமன்றம்.

இரண்டு வழக்குகளிலும் தொழில் ஒன்றே, வேறுபட்டது சூழ்நிலைதான். கையில் என்ன இருந்தது, யார் கேட்டார்கள், மனநிலை எப்படி இருந்தது, உதவிக்கு ஆள் சேர்க்க அவர் ஏதாவது செய்தாரா? இரண்டாமவர் ஓடிப்போய்விடவில்லை, தன் நிலையில் முடிந்த ஒரு வழியில் உதவியை வரவழைத்தார். செய்தியைப் படிக்கும்போது "இறங்கினாரா இல்லையா" என்று மட்டும் கேட்டால் இந்த வேறுபாடு கண்ணில் படாது.

கருவி இல்லாத கையால் என்ன முடியும்?

பொதுமக்கள் மனத்தில் பாராமெடிக் என்றால் ஆம்புலன்ஸோடு சேர்ந்த ஓர் உருவம். வண்டி இல்லாதபோது அவரிடம் இருப்பது இரண்டு கைகளும் பழகிய கண்ணும்தான். மருந்து கொடுக்கவும் மூச்சுக்குழாயில் குழாய் செலுத்தவும் அவருக்குள்ள அனுமதி, பல இடங்களில், அவருடைய சேவையின் மருத்துவ இயக்குநர் பெயரில் வருவது. பணிக்கு வெளியே அது செல்லாது. அதனால் டியூட்டி முடிந்த பாராமெடிக் செய்யக்கூடியது பெரும்பாலும் அடிப்படை உயிர்காப்பு மட்டுமே.

ஆனால் அந்த அடிப்படை எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும்.

ரயில் நிலைய நடைமேடை. நடுத்தர வயதுக்காரர் ஒருவர் நின்ற இடத்திலேயே சரிகிறார். கூட்டம் வட்டமாகச் சூழ்கிறது. அவர் வாய் திறந்து, சில விநாடிகளுக்கு ஒருமுறை குறட்டை போல ஒரு சத்தத்தோடு மூச்சை இழுக்கிறார். "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று யாரோ சொல்கிறார், எல்லோரும் கொஞ்சம் நிம்மதி அடைகிறார்கள், முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார்கள். இரவு ஷிஃப்ட் முடித்து ரயிலுக்குக் காத்திருக்கும் ஒரு பாராமெடிக்குக்கு மட்டும் அந்தச் சத்தம் வேறு விதமாகக் கேட்கிறது. அது மூச்சு அல்ல. இதயம் நின்ற சில நிமிடங்களுக்கு உடல் காட்டும் அனிச்சை இழுப்பு. அவர் மண்டியிட்டு, தோளைத் தட்டிக் கூப்பிட்டுப் பார்த்து, மார்பின் நடுவில் கைவைத்து அழுத்தத் தொடங்குகிறார்: நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம். அழுத்திக்கொண்டே ஒருவரைக் குறிப்பாகக் கைகாட்டி, "நீல சட்டை, நீங்க ஃபோன் பண்ணுங்க, இதயம் நின்னுடுச்சுன்னு சொல்லுங்க" என்கிறார். இன்னொருவரை, இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஈடி கருவி நிலையத்தில் எங்கே இருக்கிறதென்று பார்த்து எடுத்து வர அனுப்புகிறார்.

இதில் எந்த மருந்தும் இல்லை, எந்த உரிமமும் தேவைப்படவில்லை. ஆனால் இதயம் நின்றவருக்கு மார்பு அழுத்தமோ மின்னதிர்ச்சியோ கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. நான்கைந்து நிமிடங்களில் மூளை சேதமடையத் தொடங்கும். ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்த முதல் நிமிடங்கள் அங்கே நிற்பவர்களுடையவை.

கூட்டம் ஏன் சும்மா நிற்கிறது என்பதற்கும் பழைய விளக்கம் ஒன்று உண்டு. 1968இல் டார்லி, லட்டானே என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒலிபெருக்கி வழியாக இன்னொருவர் வலிப்பால் திணறுவது கேட்கும்படி செய்தார்கள். கேட்பவர் தான் மட்டுமே இருப்பதாக நினைத்தபோது 85 சதவீதம் பேர் உதவிக்கு எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருப்பதாக நம்பியபோது அது 31 சதவீதமாகச் சரிந்தது. ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த உறைநிலையை உடைக்க ஒருவர் முன்னால் வந்தால் போதும், மற்றவர்கள் தாமாகவே வேலையைப் பகிர்ந்துகொள்வார்கள். பயிற்சி பெற்றவர் விலகிப் போவதில் உள்ள பெரிய இழப்பு இதுவே என்று நினைக்கிறேன். அவருடைய இரண்டு கைகள் மட்டும் போவதில்லை, அவர் இயக்கியிருக்கக்கூடிய பத்துக் கைகளும் போகின்றன.

மறுபக்கம், கருவியில்லாமல் செய்யக் கூடாதவையும் உண்டு. சுவாசக் கருவி இல்லாத தீயணைப்பு வீரர், புகை நிறைந்த அறைக்குள் மற்ற எவரையும் போலவே சில மூச்சுகளில் வீழ்ந்துவிடுவார். நீரில் மூழ்குபவரைக் காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து மூழ்குவது உலகெங்கும் திரும்பத் திரும்ப நடப்பது; அதனால்தான் நீர்மீட்புப் பயிற்சியில் கை நீட்டு, கயிறு எறி, படகில் போ, வேறு வழியே இல்லையென்றால் மட்டும் குதி என்று வரிசைப்படுத்திக் கற்றுத்தருகிறார்கள். நெடுஞ்சாலையில் இறங்குபவரை அடுத்து வரும் வண்டி இடிக்கலாம். இந்த ஆபத்துகளை மற்றவர்களைவிட நன்றாக அறிந்தவர் அவர். அவர் இறங்காமல் ஒதுங்கி நிற்கிறார் என்றால் கோழைத்தனம் என்று முடிவுகட்ட அவசரப்படக் கூடாது.

உதவியவரைக் காக்கும் சட்டங்கள், அவற்றுக்குள் ஒரு முடிச்சு

"உதவப் போய் வழக்கில் மாட்டினால்?" என்ற பயம் பயிற்சி பெற்றவர்களிடமும் உண்டு. சொல்லப்போனால், தங்களிடம் எதிர்பார்ப்பு அதிகம் என்பதால் அவர்களிடம்தான் கூடுதல். இதற்காக வந்தவைதான் நல்ல சமாரியர் சட்டங்கள். அமெரிக்காவில் கலிஃபோர்னியா 1959இல் தொடங்கி வைத்தது. இப்போது எல்லா மாநிலங்களிலும் ஏதாவது ஒரு வடிவில் உண்டு. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2016இல் வழிகாட்டு நெறிகளுக்கு ஒப்புதல் தந்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது. அது சாலை விபத்துக்கு மட்டுமான பாதுகாப்பு. விமானப் பயணத்துக்காக அமெரிக்கா 1998இல் தனிச் சட்டம் போட்டது. அது தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு: 2013இல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி ஏறத்தாழ 604 விமானங்களுக்கு ஒன்றில் மருத்துவ அவசரம் நேர்கிறது, அவற்றில் கிட்டத்தட்ட பாதியில் உதவியவர் பயணியாக வந்த ஒரு டாக்டர்.

இச்சட்டங்களின் பொதுவான அமைப்பு இதுதான்: நல்லெண்ணத்தோடு, கட்டணம் எதிர்பார்க்காமல், அவசர நிலையில் உதவினால் சாதாரணத் தவறுக்குப் பொறுப்பு இல்லை. மிகமோசமான அலட்சியத்துக்கும் வேண்டுமென்றே செய்த தீங்குக்கும் பாதுகாப்பு இல்லை. மார்பை அழுத்தும்போது விலா எலும்பு முறிவது முதல் வகை. குடிபோதையில் வந்து கழுத்தில் அடிபட்டவரை உலுக்குவது இரண்டாவதில் விழக்கூடும்.

முடிச்சு இங்கேதான் இருக்கிறது. இந்தப் பாதுகாப்பு பல சட்டங்களில் தானாக முன்வருபவருக்கானது. ஏற்கெனவே உதவக் கடமைப்பட்டவர் என்றால் அவர் தன்னார்வலர் ஆக மாட்டார், பாதுகாப்பும் கிடைக்காது. ஆகவே "டியூட்டி முடிந்த ஆம்புலன்ஸ் ஊழியருக்கும் உதவும் சட்டக் கடமை உண்டு" என்று ஒரு வரி சேர்த்தால், அதே வரி அவருடைய கவசத்தைக் கழற்றிவிடலாம். உதவினால் வழக்கு, உதவாவிட்டால் தண்டனை. அப்படி ஒரு நிலையில் மனிதர்கள் எடுக்கும் எளிய முடிவு தாங்கள் யார் என்பதை மறைத்துக்கொள்வது: அடையாள அட்டையைப் பைக்குள் போடுவது, "டாக்டர் யாராவது இருக்கிறீர்களா?" என்று விமானத்தில் கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வது. தொழிலைக் குறிவைத்த தண்டனைச் சட்டத்தை நான் எதிர்ப்பதற்கு முதன்மைக் காரணம் இதுதான். கடமையை விதிக்கும் சட்டம் எதுவானாலும், பாதுகாப்பையும் அதே பிரிவில் எழுத வேண்டும்.

"அவர்களும் ஓய்வெடுக்க வேண்டாமா?"

இந்த எதிர்வாதத்தைச் சாக்கு என்று தள்ளக் கூடாது. பல சேவைகளில் ஷிஃப்ட் 12 மணி நேரம். சில தீயணைப்புத் துறைகளில் 24 மணி நேரம். தொடர்ந்து மரணத்தையும் ரத்தத்தையும் பார்ப்பவருக்கு, பார்க்காமல் இருக்கும் நேரம் மருந்து மாதிரி. உலகம் முழுவதும் தன் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டு ஒருவரால் பல ஆண்டுகள் இந்த வேலையில் நீடிக்க முடியாது. ஒரு கிளாஸ் மது அருந்தியிருக்கலாம், தூக்கமில்லாமல் இருக்கலாம், பின் இருக்கையில் கைக்குழந்தை இருக்கலாம்.

ஆனால் இந்தக் காரணங்கள் கடமையின் அளவைத்தான் குறைக்கின்றன, அதை அழித்துவிடுவதில்லை. மது அருந்தியவர் ஊசி போடக் கூடாது. ஆனால் ஃபோன் செய்யலாம், "அவரைத் தூக்காதீங்க" என்று சொல்லலாம். குழந்தையைக் காரில் விட்டு இறங்க முடியாதவர் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, அவசர எண்ணுக்குச் சரியான இடத்தையும், எத்தனை பேர், எப்படிப்பட்ட காயம் என்பதையும் சொல்லலாம். பழகிய கண் பார்த்துச் சொல்லும் அந்த இரண்டு வரி, எந்த வண்டியை அனுப்புவது என்பதையே மாற்றும்.

அப்படியானால் கடமையின் அளவு என்ன?

மேலே பார்த்தவற்றை வைத்து, டியூட்டி முடிந்த ஒருவரிடம் நியாயமாகக் கேட்கக்கூடியது இவ்வளவுதான் என்று கருதுகிறேன்:

1. பாதுகாப்பாக முடிந்தால் நின்று பார்ப்பது. ஏற்கெனவே உரிய குழு வந்திருந்தால் விலகி வழிவிடுவது.
2. உதவி அழைக்கப்பட்டுவிட்டதா என்று உறுதி செய்வது. "யாராவது அழைத்திருப்பார்கள்" என்று விடாதிருப்பது. இந்த ஒன்றுக்கு மட்டும் விலக்கே கிடையாது. ஃபோன் இல்லையென்றால் அருகில் இருப்பவரைச் செய்யச் சொல்வது.
3. கருவியில்லாமல் செய்யக்கூடியதைச் செய்வது: மார்பு அழுத்தம், ரத்தப்போக்கை அழுத்தி நிறுத்துவது, மயங்கியவர் மூச்சு தடைபடாமல் பக்கவாட்டில் படுக்கவைப்பது.
4. தொடங்கினால், சமமான அல்லது மேலான பயிற்சி உள்ளவரிடம் ஒப்படைக்கும் வரை இருப்பது.
5. தன் பயிற்சியையும் அனுமதியையும் தாண்டாதிருப்பது.

உயிரைப் பணயம் வைப்பது இந்தப் பட்டியலில் இல்லை. அது வீரம், பாராட்டலாம், கேட்க முடியாது. 1904 முதல் பிறர் உயிரைக் காக்கத் துணிந்தவர்களைக் கௌரவிக்கும் கார்னகி வீர நிதியம், தொழிலாகவே மீட்புப் பணி செய்பவர்களைப் பொதுவாகத் தகுதியுள்ளவர்களாகக் கொள்வதில்லை. கடமையின் எல்லையைத் தெளிவாகத் தாண்டிய செயலாக இருந்தால் மட்டுமே விலக்கு. கடமை எங்கே முடிகிறது, அதற்கு மேலானது எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் புதிதல்ல.

தண்டிப்பதைவிடப் பயன் தரும் வழிகள்

பல நகரங்களில் இப்போது இன்னொரு முறை வேலை செய்கிறது. மார்பு அழுத்தப் பயிற்சி பெற்றவர்கள் முன்கூட்டியே பதிவு செய்துகொள்கிறார்கள். அருகில் யாருக்காவது இதயம் நின்றதாக அழைப்பு வந்தால் அவர்கள் ஃபோனுக்குச் செய்தி போகிறது. லண்டனில் குட்சாம், அமெரிக்காவில் பல்ஸ்பாயின்ட் போன்ற செயலிகள் இப்படித்தான் இயங்குகின்றன. ஸ்டாக்ஹோமில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், இப்படி ஆட்களை அனுப்பியபோது ஆம்புலன்ஸ் வரும் முன்பே மார்பு அழுத்தம் கிடைத்தவர்கள் 62 சதவீதம், அனுப்பாதபோது 48 சதவீதம். உயிர் பிழைத்தோர் எண்ணிக்கையில் உறுதியான வேறுபாடு அதில் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் இந்த முறையில் ஒரு நல்ல அம்சம் இருக்கிறது: களைப்பாக இருக்கும் நாளில் அந்த ஆள் செயலியை அணைத்துவைக்கலாம். ஓய்வும் உதவியும் ஒன்றையொன்று தின்னாமல் இருக்க இது ஒரு வழி.

மிச்சமிருப்பது சேவை அமைப்புகளின் வேலை. டியூட்டிக்கு வெளியே உதவும் ஊழியருக்கு எதிர்பாராதது நடந்தால் என்ன என்பதைப் பல விதிப்புத்தகங்கள் மங்கலாகவே விட்டிருக்கின்றன. ஒரு தீயணைப்பு வீரர் விடுமுறை நாளில் விபத்தில் சிக்கியவரை இழுக்கும்போது முதுகெலும்பில் அடிபட்டால், அது பணியிடக் காயமா, சொந்தக் காயமா? ரத்தம் பட்டு நோய்த்தொற்று வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது? மார்பை அழுத்தியும் ஒரு குழந்தை பிழைக்கவில்லை என்றால், பணியில் நடந்திருந்தால் கிடைக்கும் மனநல ஆதரவு அவருக்குக் கிடைக்குமா? வழக்கு வந்தால் நிறுவனத்தின் வழக்கறிஞர் பக்கத்தில் நிற்பாரா? இவற்றுக்கு எழுத்தில் "ஆம்" என்று சொல்லாத அமைப்பு, தன் ஊழியர் உதவாமல் போனார் என்று விசாரணை வைக்கும் தகுதியை முதலில் சம்பாதிக்க வேண்டும்.